501 ரூபாய் மொய்யில் அந்த ஒரு ரூபாய்

கேள்வி: உங்கள் திருமண நாளைத் திரும்பிப் பார்த்தால் முதலில் நினைவுக்கு வருவது எது?

மொய் நோட்டு. தாலி, மாலை, பட்டுப்புடவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் என்பது தேதியைச் சொன்னாலே தெரிந்துவிடும். 2016 நவம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்துப் பன்னிரண்டே நாள். தேய்பிறை முகூர்த்தம்தான். ஞாயிறாக இருக்கிறதே, வெளியூர்க்காரர்கள் வந்துபோக வசதி என்று இரண்டு மாதம் முன்னாலேயே பெரியவர்கள் குறித்து வைத்த நாள்.

எங்களுக்குத் திருமங்கலம். அப்பா சின்னதாக ஒரு மளிகைக்கடை வைத்திருந்தார். மாப்பிள்ளை வீடு விருதுநகர். இவருக்குப் பருப்பு மில்லில் கணக்கு எழுதும் வேலை. திருப்பரங்குன்றம் கோயிலில் தாலி கட்டிவிட்டு, பக்கத்திலேயே ஒரு மண்டபத்தில் சாப்பாடு என்று முடிவாகியிருந்தது. முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த தலம் என்பதால் எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு அங்கேதான் கல்யாணம் நடந்திருக்கிறது.

நவம்பர் 8 ராத்திரி எட்டு மணிக்கு நானும் அம்மாவும் பத்திரிகைகளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தோம். டிவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்று மத்தியானம்தான் அப்பா சீட்டுப் பணம் எடுத்து வந்து பீரோவில் வைத்திருந்தார். மஞ்சப்பையில் 2 லட்சத்து 80 ஆயிரம், எல்லாமே ஆயிரமும் ஐந்நூறும். செய்தி முடிந்ததும் அப்பா எழுந்துபோய்ப் பையை எடுத்து வந்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, "இதுவுமா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று இன்றுவரை தெரியாது.

பணம் போய்விடவில்லை. வங்கியில் கட்டலாம், கட்டினோம். திரும்ப எடுப்பதில்தான் சிக்கல். வாரத்துக்கு 20,000 என்றார்கள், அப்புறம் 24,000 ஆனது. ஏடிஎம்மில் பணம் இருந்தால் ஆள் இருக்காது என்பது பழைய கதை. அந்த மாதம் ஆள் இருந்தது, பணம்தான் இல்லை. பழைய நோட்டை வாங்கிக்கொண்ட சில இடங்களில் பெட்ரோல் பங்கும் ஒன்று. ஆனால் சில்லறை தரமாட்டார்கள், 500க்கும் போட்டாக வேண்டும். அந்த வாரம் எங்கள் தெருவில் எல்லா பைக்கும் ஃபுல் டேங்க். அண்ணன்கள் அதே பெட்ரோலில் ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகை கொடுத்துவிட்டு வந்தார்கள்.

இதற்கு நடுவில் திருப்பரங்குன்றத்தில் இடைத்தேர்தல். வாக்குப்பதிவு நவம்பர் 19, அதாவது கல்யாணத்துக்கு முந்தின நாள். 50,000க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் கணக்குக் காட்ட வேண்டும். மண்டபத்துக்குப் பணம் கட்டப் போன மாமாவைப் பறக்கும் படை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னது. உள்ளே பத்து பத்திரிகையும் 2,300 ரூபாயும் இருந்தன. "கல்யாணத்துக்கு இவ்வளவுதானா வச்சிருக்கீங்க?" என்று அந்தப் போலீஸ்காரரே வருத்தப்பட்டாராம்.

17ஆம் தேதி, கல்யாண வீட்டுக்காரர்கள் இரண்டரை லட்சம் வரை எடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை அப்பா குளித்து, விபூதி பூசி, பத்திரிகையோடு வங்கியில் போய் நின்றார். மேனேஜர் நல்ல மனிதர். "எங்களுக்கு இன்னும் உத்தரவு வரலை சார்" என்றார். பத்திரிகையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். விதிமுறைகள் 21ஆம் தேதிதான் வந்தன. அன்றைக்கு நான் விருதுநகரில் மாமியார் வீட்டில் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, கல்யாணம் எப்படி நடந்தது? கடனில்தான். வட்டிக் கடன் இல்லை, வாய்வார்த்தைக் கடன். சமையல் மாஸ்டரிடம் அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர், "அண்ணே, இருபது வருஷமா உங்க கடை நோட்டுல என் பேரு இருக்கு. ஒரு மாசம் என் நோட்டுல உங்க பேரு இருக்கட்டுமே" என்றார். நாதஸ்வரக்காரர் பாக்கிப் பணத்தில் பாதிக்கு அரிசி மூட்டை வாங்கிக்கொண்டார். பூக்கார அக்காவுக்கு அப்பா கல்லாவில் கிடந்த பத்து ரூபாய்க் காசுகளைத் துணிப்பையில் கட்டிக் கொடுத்தார். அந்தக் காசு செல்லாது என்று அப்போது வதந்தி; பல கடைகளில் வாங்கவே யோசிப்பார்கள். "நோட்டே செல்லலையாம், காசு செல்லாட்டி என்ன" என்று அந்த அக்கா இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். என் தலையில் இருந்த மல்லிகை அந்தக் காசில் வாங்கியது.

கோயிலில் அன்று எங்களோடு சேர்த்து எத்தனை ஜோடி என்று எண்ணவில்லை. முகூர்த்த நாளில் அங்கே போனவர்களுக்குத் தெரியும். இந்தத் தூணுக்கு ஒரு கல்யாணம், அந்தத் தூணுக்கு ஒரு கல்யாணம். நாலைந்து நாதஸ்வரம் ஒரே நேரத்தில் வாசித்தால் எந்தக் கெட்டிமேளம் யாருக்கு என்றே புரியாது. பக்கத்து ஜோடிக்கு மேளம் உச்சத்துக்குப் போனதும் அம்மா பதறி, கையிலிருந்த அட்சதை முழுவதையும் அந்தப் பெண் தலையில் போட்டுவிட்டாள். அந்தப் பெண்ணும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. எங்கள் முறை வந்தபோது அம்மா உள்ளங்கையில் ஒட்டியிருந்தது நாலே நாலு அரிசி. அதையும் தட்டித் தட்டிப் போட்டாள். யாரோ முகம் தெரியாத அந்தப் பெண்ணும் எங்கேயோ நன்றாகத்தான் இருக்கும்.

தாலியில் இரண்டு முடிச்சு இவர் போட்டார், மூன்றாவது நாத்தனார் முடிச்சு. நாத்தனாருக்குச் சென்னையில் வாழ்க்கை. அந்த வாரம் வரிசையில் நின்று நோட்டு மாற்றியதில் வலது கை ஆள்காட்டி விரலில் மை வைத்திருந்தார்கள். திருப்பரங்குன்றத்து அத்தை எனக்குப் பின்னால் ஜடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் ஓட்டுப் போட்ட மை அவர் இடது கை விரலில். போட்டோக்காரர் அந்த முடிச்சைக் கிட்டத்தில் எடுத்திருக்கிறார். எங்கள் ஆல்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த படம் அதுதான். மஞ்சள் கயிறு, என் பின்னங்கழுத்து, இரண்டு பக்கமும் இரண்டு மை விரல். ஒன்று ஓட்டு மை, இன்னொன்று நோட்டு மை.

மண்டபத்துக்கு வந்தால் மொய் மேசையில் ஒரு பஞ்சாயத்து. பழைய நோட்டு வாங்குவதா, வேண்டாமா? வேண்டாம், ஒரு அட்டையில் எழுதி ஒட்டிவிடலாம் என்றார் மாமா. அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "டிசம்பர் 30 வரைக்கும் பேங்க்ல கட்டலாம்ல. மொய்ய வேணாம்னு சொல்றதும் வாசல்ல நின்னு வராதேன்னு சொல்றதும் ஒண்ணு" என்றார். அதனால் சித்தப்பா நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டார். பேர், ஊர், தொகை, அதற்குப் பக்கத்தில் 'ப' என்றால் பழசு, 'பு' என்றால் புதுசு. கையில் எதுவுமே இல்லாமல் வந்து கூசிக்கொண்டு நின்றவர்களிடம், "எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டு, தொகையை எழுதி 'பி' போட்டார். பி என்றால் பிறகு. எங்கள் பக்கத்தில் மொய் எழுதாமல் பந்தியில் உட்காருவது எவ்வளவு கூச்சமான விஷயம் என்று தெரிந்தவர்களுக்கு அந்த 'பி'யின் அருமை புரியும். அறுநூறு இலை போட்டோம், ஒன்றும் மிஞ்சவில்லை.

மைக்கில் வாசித்ததும் அப்படியேதான். "கப்பலூர் இன்னார், 501 ரூபாய், பழசு!" என்று சித்தப்பா பள்ளிக்கூட வாத்தியார் குரலில் அறிவிக்க, மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அந்த 501இல் அன்றைக்குக் கடையில் செல்லக்கூடியது கூட வைத்த ஒரு ரூபாய் மட்டும்தான். மத்தியானப் பந்திக்கு வங்கி மேனேஜர் வந்தார். கவரைப் பிரித்தால் ஐந்து நூறு ரூபாய்த் தாள்கள், மடிப்புக்கூடக் கலையாமல். மொய் மேசையைச் சுற்றி நின்றவர்கள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாண மாப்பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் தங்கினோம். பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்து மொய்ப் பணத்தை எண்ணினால், கணக்கு மூன்று தடவையும் மூன்று விதமாக வந்தது. அப்பாவுக்குக் கண் எரிச்சல், சித்தப்பாவுக்குத் தொண்டை போயிருந்தது. இவர் ரூமிலிருந்து எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளையப் போய்…" என்று அம்மா இழுப்பதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை இவரோடு நான் மொத்தம் ஐந்தாறு தடவை போனில் பேசியிருப்பேன், அதுவும் "சாப்பிட்டீங்களா" அளவில். இவர் எண்ண, நான் நோட்டைப் பார்த்து டிக் போட்டேன். ஆயிரம் ஒரு கட்டு, ஐந்நூறு ஒரு கட்டு, புது இரண்டாயிரம் மூன்றே மூன்று, நூறுகள் தனியாக. விரலை எச்சில் தொடாமல், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டு எண்ணினார். எனக்கு இவரைப் பிடிக்க ஆரம்பித்தது அந்தக் கிண்ணத்தில்தான் என்று சொன்னால் நம்பமாட்டார். ஒரு மணிக்குக் கணக்கு நேரானது. ரப்பர் பேண்ட் தீர்ந்துபோய் என் கையிலிருந்த நாலு கண்ணாடி வளையலைக் கழற்றிக் கட்டுகளின் மேல் பாரமாக வைத்தோம்.

'பி' போட்டவர்கள் தை மாதத்துக்குள் பெரும்பாலும் கடைக்கே வந்து கொடுத்துவிட்டார்கள். சிலர் கூடவே ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கி வந்தார்கள். சமையல் மாஸ்டர் கணக்கு பொங்கலுக்கு முன்பே முடிந்தது.

ஒருவர் மேல் மட்டும் அம்மாவுக்கு மனத்தாங்கல். அப்பாவின் பால்ய சிநேகிதர், ஊரில் தையல்கடை வைத்திருப்பவர். முதல் பந்தியில் உட்கார்ந்து பாயாசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டதை அம்மாவே பார்த்திருக்கிறாள். மொய் நோட்டில் 'ப'வும் இல்லை, 'பு'வும் இல்லை, 'பி'கூட இல்லை. "ஒரு ரூபா எழுதலையே மனுஷன்" என்று இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா பதில் சொல்லமாட்டார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

2018இல் நாங்கள் வீடு மாறினோம். கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரங்கள் மொத்தம் ஏழு. இரண்டு சுவரில், மற்றவை பரணில், பிரிக்காத பெட்டியோடு. அதில் ஒன்றைப் பிரித்தால், கடிகாரத்துக்குப் பின்னால் மொய்க் கவர். தையல்கடைக்காரர் பெயர், ஊர், 'வாழ்க வளமுடன்'. உள்ளே ஒரு பழைய ஐந்நூறு, கூடவே கவரில் ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு. வரிசையில் நின்று 'பழசு' என்று மைக்கில் வாசிக்கக் கேட்க அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும் போல. பழைய நோட்டு பத்து வரைக்கும் வைத்திருந்தால் சட்டப்படி குற்றமில்லை, அதனால் அதைப் பத்திரமாக ஆல்பத்துக்குள் வைத்துவிட்டேன்.

போனில் சொன்னதும் அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம் மொய் நோட்டைத் தூக்கிக்கொண்டு நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனாள். அவருக்கு வாத்தியார் புத்தி. "இப்ப செல்லாத நோட்டாச்சே மதினி, எப்படி வரவு வைக்க?" என்று கேட்டிருக்கிறார்.

"குடுத்த அன்னைக்கு மட்டும் செல்லுச்சாக்கும்? எழுதுங்க" என்றாளாம் அம்மா.

கடைசிப் பக்கத்தில், வேறு நிற மையில், 501 என்றும் பக்கத்தில் 'ப' என்றும் இருக்கிறது. அடுத்த ஆவணியில் அவர் பேத்திக்குக் காதுகுத்து. அம்மா முதல் பந்திக்கே போய்விட்டாள்.