பழைய லாரியின் டீசல் பம்பைப் பெரிதாக்குவது செலவுக்குத் தகுமா?

கேள்வி கேட்டவர் 2011 மாடல் பத்துச் சக்கர லாரி வைத்திருக்கிறார். அதன் ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சினில், டீசலை அளந்து அழுத்தித் தள்ளும் இன்லைன் பம்ப் இருக்கிறது. ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்பதால், பெரிய எலிமெண்ட் (டீசலைத் தள்ளும் உறுப்பு) போட்ட பம்பாக மாற்றித் தருவதற்கு ஒரு பட்டறையில் எழுபதாயிரம் ரூபாய் கேட்கிறார்கள் என்கிறார். சங்ககிரியில் இரண்டு லாரிகளை வைத்து ஓட்டியவன் என்ற முறையில் என் பதில், இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பதுதான்.

இன்லைன் பம்பில் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு எலிமெண்டுகள் உண்டு. ஒவ்வொன்றும் பேரல் என்ற குழலுக்குள் ஏறி இறங்கும் ஒரு பிளஞ்சர், அதாவது சிறு உலோகத் தண்டு. அது ஏறி இறங்கும் தூரம் எப்போதும் ஒன்றே. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ரேக் என்ற பல் வைத்த கம்பி நகர்ந்து பிளஞ்சரைத் திருப்புகிறது. அதன் பக்கவாட்டில் சாய்வாக வெட்டியிருக்கும் பள்ளம், எவ்வளவு டீசல் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலுக்குப் போக வேண்டும், எவ்வளவு திரும்பி வழிய வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. பிளஞ்சரின் பருமனைக் கூட்டினால் அதே தூரத்தில் கூடுதல் டீசல் தள்ளப்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ பதினாலரை கிலோ காற்று வேண்டும். சிலிண்டருக்குள் இரண்டும் கலக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால், நடைமுறையில் அதைவிடவும் அதிகமாகவே வேண்டும். அந்தக் காற்றைப் பம்ப் தருவதில்லை, டர்போ தருகிறது. ஏற்றத்தில் எஞ்சின் சுற்று இறங்க இறங்க டர்போவின் காற்றும் குறைகிறது. ஆக, நமக்கு இழுவை தேவைப்படும் அதே இடத்தில்தான் கூட்டிவிட்ட டீசல் சரியாக எரியாமல் கரும்புகையாகவும், பிஸ்டனையும் டர்போவையும் வாட்டும் சூடாகவும் வெளியேறுகிறது.

என் முதல் வண்டியில் இதைத் தெரிந்துகொள்ளாமல் பம்பைப் பெரிதாக்கினேன். சேலத்திலிருந்து தருமபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தை ஒரு கியர் கூடுதலாக வைத்தே ஏறியது. டிரைவருக்கு மகிழ்ச்சி, எனக்கும்தான். பெங்களூரு நடைக்கு இருபது நிமிடம் மிச்சமானது. ஆனால் சிமெண்ட் லோடு இறக்க வரிசையில் நிற்கும் ஆறு மணி நேரத்தை எந்தப் பம்பும் குறைக்காது என்பதை அந்த மகிழ்ச்சியில் மறந்துவிட்டேன். லிட்டருக்கு 3.8 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 3.5க்கு இறங்கியது. மாதம் 6,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இது 135 லிட்டர் கூடுதல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 12,400 ரூபாய்க்கு மேல். ஒன்பதாம் மாதம், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போனது. அதற்குப் பம்ப் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எனினும் அதற்கு முன் அந்த எஞ்சினில் ஹெட்டைக் கழற்றியதே இல்லை.

இரண்டாவது வண்டியும் சில ஆண்டுகளில் அதே போல் இழுக்க மறுத்தபோது, பம்பைக் கழற்றி, அது தள்ளும் அளவைச் சோதிக்கும் கேலிபரேஷன் பெஞ்சில் ஏற்றச் சொல்லி அருகிலேயே நின்றேன். பெஞ்ச் மோட்டார் சுழல, அளவுக் கோடு போட்ட ஆறு கண்ணாடிக் குழாய்களில் டெஸ்ட் ஆயில் நுரைத்து ஏறியது; நான்கு ஒரே மட்டத்தில் நிற்க, மூன்றாவதும் ஆறாவதும் ஒரு விரற்கடை கீழேயே நின்றுவிட்டன. அந்த இரண்டு எலிமெண்டுகளும் தேய்ந்திருந்தன. நாசில்களில் இரண்டு, உரிய அழுத்தம் வருமுன்பே திறந்து சொட்டின. வண்டியிலோ, டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோசின் அடிப்பக்கத்தில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது, கையைக் கீழே கொடுத்துத் தடவினால்தான் எண்ணெய்ப் பிசுக்கோடு விரலில் படும். காற்று அங்கே கசிந்ததால், பம்பின் தலையில் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வுக்கு, எஞ்சினுக்குள் காற்று நுழையும் மேனிஃபோல்டிலிருந்து சிறு குழாய் வழியே வரவேண்டிய அழுத்தமும் குறைந்து, பம்ப் தானாகவே டீசலைக் குறைத்துக்கொண்டிருந்தது. எலிமெண்ட், நாசில், ஹோஸ் ஆகியவற்றை மாற்றி, டீசல் பீய்ச்சும் நேரத்தை (டைமிங்) சரியாக வைத்தவுடன் பழைய இழுவை திரும்பியது. உங்களிடம் கேட்கும் தொகையில் பாதிகூட ஆகவில்லை.

இன்லைன் பம்ப் என்பதே காலாவதியான சரக்கு என்று பட்டறையில் சொல்லியிருந்தால் அதையும் நம்ப வேண்டாம். 2017இல் பிஎஸ்4 என்ற புகை மாசு விதி நாடு முழுவதும் வந்தபோது, அசோக் லேலண்ட் நிறுவனம் வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே விடும் தன் ஐஇஜிஆர் எஞ்சின்களில் இன்லைன் பம்பையே தக்கவைத்துக்கொண்டது.

பெரிய பம்ப் யாருக்குத்தான் தகும் என்றால், டர்போ, இன்டர்கூலர், நாசில், கிளட்ச் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றத் துணிந்தவருக்குத் தகும். அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால், கூடுதல் குதிரைத்திறன் உள்ள வேறொரு பழைய வண்டியையே தேடலாம் என்று தோன்றும். சாலையில் ஓடும் வண்டிக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அது கண்ணில் படாவிட்டாலும், புகைச் சோதனையில் உங்கள் மாடலுக்கு உரிய 65 ஹார்ட்ரிட்ஜ் (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) அளவைத் தாண்டினால் எஃப்சி என்ற தகுதிச் சான்றிதழ் எடுப்பது சிக்கலாகிவிடும்.

எனவே டீசல் ஃபில்டர், டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப், ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ் ஆகியவற்றை முதலில் பாருங்கள். இவற்றுக்கு ஒரு காலைப்பொழுது போதும். அதன் பிறகு பம்பைப் பெஞ்சில் ஏற்றி, ஆறு எலிமெண்டும் எவ்வளவு தள்ளுகின்றன என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆறும் சமமாக, வண்டி தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே இருந்து, ஹோசும் டர்போவும் சரியாக இருந்து, அப்போதும் வண்டி ஏறவில்லையென்றால், ஏற்றும் லோடு எத்தனை டன் என்பதையும் இங்கே எழுதுங்கள்.