மறு: மாங்கொட்டை கேலிக் அமிலத்துக்கு மாடல் மைனஸில் காட்டுது, ஏன்?

வணக்கம் தம்பி. கிருஷ்ணகிரி கூழ் ஆலைக் கழிவு மாங்கொட்டையில் எடுத்த கேலிக் அமிலத்துக்குப் புத்தகத்தில் லாக் பி (மின்னேற்றம் இல்லாத மூலக்கூறு, எண்ணெய் மாதிரியான ஆக்டனாலுக்கும் தண்ணீருக்கும் இடையே எந்த விகிதத்தில் பிரியுதுன்னு சொல்லும் மடக்கை எண்) 0.70, அதைக் கணிக்க நீங்க கணினியில் பயிற்சி கொடுத்த மாடல் மைனஸ் 1.9 காட்டுது, எங்கே தப்புன்னு கேட்டிருக்கீங்க.

மாடல் மேல பழி போடாதீங்க. நீங்க பயிற்சிக்கு எடுத்த அந்த 4,200 சேர்மத் தொகுப்பில் இருப்பது லாக் பி இல்லை, பிஎச் 7.4-இல் அயனியான மூலக்கூறுகளையும் சேர்த்து அளந்த லாக் டி. கேலிக் அமிலத்தின் பிகேஏ, அதாவது பாதி மூலக்கூறுகள் அயனியாகிற பிஎச், சுமார் 4.4. 7.4-க்கும் அதுக்கும் வித்தியாசம் 3, பிஎச்சில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. அதாவது ஆயிரத்தில் ஒரு மூலக்கூறுதான் மின்னேற்றம் இல்லாம நிற்கும். மற்றதெல்லாம் அயனியாகி, ஆக்டனாலை விட்டுத் தண்ணீர்ப் பக்கமே தங்கிடும். 0.70-இல் 3 கழிச்சா சுமார் மைனஸ் 2.3. உங்க விடை அதுக்குப் பக்கத்துலதான் இருக்கு, பாருங்க.

எனக்குக் கவலை வேறொன்று. அந்தச் சேர்மங்களைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் குலுக்கல் முறையில் பிரிச்சிருக்கீங்க. ஒரே வளையச் சட்டகம் உள்ள அண்ணன் தம்பி சேர்மங்கள் ரெண்டு பக்கமும் உட்கார்ந்துக்கும், பிழை குறைச்சலாத் தெரியும். சட்டகவாரியாப் பிரிச்சு மறுபடி ஓட்டுங்க. பிழை ஏறினா பயப்படாதீங்க, அந்த எண்ணையே ஆய்வேட்டில் போடுங்க.

மாமரத்தில் கிடைக்கும், சர்க்கரை ஒட்டின மாஞ்சிஃபெரின் என்ற சேர்மத்துக்கு மட்டும் கணிப்பை நம்பாம அளந்துடுங்க. தருமபுரியில் எங்க ஆய்வகத்தில் ஆக்டனாலும் பஃபரும் (பிஎச் மாறாம வச்சிருக்கும் நீர்க்கரைசல்) சேர்மத்தோடு ஊற்றிய குப்பியைக் குலுக்கி ராத்திரி முழுக்க அப்படியே விடுவோம். ரெண்டு அடுக்கும் கண்ணாடி மாதிரி தெளிஞ்ச பிறகுதான், எந்த அடுக்கில் சேர்மம் எவ்வளவு இருக்குன்னு பார்க்க யூவி (புற ஊதா ஒளி) கருவியில் வைப்போம்.