பழைய கொரோலாவுக்கு எந்த ஹெட்லைட் பல்பு?

தம்பி, தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்துல இருந்து ஹோவிக்குக்கு ராத்திரில பழைய கொரோலால போறீங்க, லைட்டு மங்கலா இருக்கு, 100 வாட் பல்பா எல்இடியான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டுமே வேணாம். உங்க எச்4 பல்பு (ஹை பீம், லோ பீம் ரெண்டும் ஒண்ணுலயே இருக்கறது) ஒயரிங் ஹைக்கு 60, லோவுக்கு 55 வாட்டுன்னு செஞ்சது, 100 போட்டா சூட்டுல ஹோல்டர் உருகிரும். எல்இடிய ஹாலஜன் பல்புக்குன்னு செஞ்ச ரிஃப்ளெக்டர்ல போட்டா வெளிச்சம் சிதறி கிட்டக்க பளிச்சுன்னு இருக்கும் ஆனா தூரத்துல மாடு நின்னாலும் தெரியாது, எதிர்ல வர்றவங்களுக்கு கண்ணு கூசும், வழியில ஹில்டன் ஊரு மூடுபனில இன்னும் மோசம். நீலக் கோட்டிங் பல்பும் வாங்காதீங்க, அந்தக் கோட்டிங்கே வெளிச்சத்த தின்னுரும்.

மொதல்ல ஹெட்லைட்டோட முன் கண்ணாடி மஞ்சளாயிருக்கான்னு பாருங்க, பாலிஷ் பண்ணாலே பாதி பிரச்சனை தீரும். அப்புறம் இஞ்சின் ஓடும்போது பல்பு கிட்ட வோல்டேஜ் அளந்து பாருங்க, 13க்கு மேல இருக்கணும், 5 சதவீதம் கொறஞ்சாலே வெளிச்சம் சுமார் 15 சதவீதம் போயிரும், கொறவா இருந்தா எர்த் ஒயர் இணைப்ப சுத்தம் பண்ணி ரிலே (பேட்டரில இருந்து நேரா லைட்டுக்கு கரண்ட் விடற சுவிட்சு) போடுங்க. அதுக்கப்புறம் ஆஸ்ராம் நைட் பிரேக்கர் மாதிரி அதே வாட் பல்பு ஜோடியா மாத்துங்க, ஆயுசு கம்மிதான் ஆனா ராத்திரி ஓட்டுறவங்களுக்கு அது பரவாயில்ல. பல்பு கண்ணாடிய வெறுங்கையால தொடாதீங்க. மாட்டினதும் ஹெட்லைட் அலைன்மென்ட் கட்டாயம் பாருங்க தம்பி.