விற்பதா, வைத்துக்கொள்வதா? இஞ்சினுக்கு முன் சி.ஆரைப் பாருங்கள்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன், நோர்வூட்டில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். 2014இல் லீசிங்கில் எடுத்த டிஸ்கவர் 125 மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. தவணைகள் அனைத்தையும் 2018இல் கட்டி முடித்துவிட்டேன். இப்போது புகை தள்ளுகிறது, ஒயிலும் குறைகிறது. இஞ்சினை இறக்கிப் போர் அடிக்க, அதாவது சிலிண்டரைக் கடைந்து சரிசெய்ய, 50,000 ரூபாய்க்கு மேல் செலவாகும் என்று கராஜில் சொல்கிறார்கள். அந்தக் கராஜ் மூலமாக வந்த ஒரு தரகர், “உள்ளபடியே எடுத்துக்கொள்கிறேன், பேப்பரில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள்” என்று சொல்லி 10,000 ரூபாய் முற்பணமும் தந்திருக்கிறார். விற்க வேண்டாம் என்கிறார் அண்ணன். விற்றுவிட்டு ஒரு ஸ்கூட்டர் எடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: விற்க வேண்டாம், தம்பி. இஞ்சின் நன்றாக இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இன்றைய நிலையில் அந்த மோட்டார் சைக்கிளை முறைப்படி விற்கக்கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்களா என்பதே சந்தேகம். புகையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், தரகர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் சி.ஆரில், அதாவது பதிவுச் சான்றிதழில், யாருடைய பெயர் இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலானோர் இதே இடத்தைத்தான் தாண்டிச் செல்கிறார்கள்.

முதலில் சி.ஆரை எடுத்துப் பாருங்கள். பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும். அதோடு, முழுமையான உரிமையாளர் என்ற இடமும் ஒன்று உண்டு. லீசிங்கில் எடுத்த வண்டியாயின் அந்த இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் ஏறியிருக்கும். கடைசித் தவணையைக் கட்டிய அன்றே அந்தப் பெயர் தானாக அழிந்துவிடும் என்று நம்முடைய மக்கள் நினைக்கிறார்கள், அது அழிவதில்லை. கடன் முடிந்துவிட்டது என்றும் முழு உரிமையை நீக்குவதற்குத் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றும் கம்பனி எழுதிக் கொடுக்க வேண்டும், அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒப்படைத்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதுவரை நீங்கள் வண்டியை ஓட்டலாம், வருடாந்த வரிப்பத்திரத்தை எடுக்கலாம், ஆனால் இன்னொருவருடைய பெயருக்கு மாற்ற முடியாது. விபத்து இழப்பீட்டு மதிப்பீட்டுக்காகப் போகும் இடங்களில் இதன் இன்னொரு முகத்தையும் பார்க்கிறேன்: வண்டி முற்றாகச் சேதமடைந்தால், பணத்தைக் கொடுக்கும் முன் காப்புறுதிக் கம்பனிக்காரர் கேட்பது முழுமையான உரிமையாளரின் சம்மதத்தை. கடன் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, யாருக்கும் எந்தக் கடனும் இல்லாத ஒருவர், அந்தக் கடிதத்துக்காக அலைய வேண்டியிருக்கிறது.

உங்கள் விடயத்தில் இரண்டில் ஒன்று நடந்திருக்கலாம். 2018இல் கம்பனி சி.ஆரோடு அந்தக் கடிதத்தையும் தந்திருந்து, அது இன்றும் அலுமாரியில் ஓர் உறைக்குள் கிடக்கலாம். அல்லது கடிதமே தராமல் சி.ஆரை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். பழைய கடிதம் கிடைத்தாலும் அதை நம்பிப் பயணம் போகாமல், கிளைக்குச் சென்று இன்றைய திகதியிட்ட கடிதமொன்றைக் கேட்டுப் பெறுங்கள். கடைசித் தவணையின் பற்றுச்சீட்டையும் கணக்கு முடிக்கப்பட்டதற்கான கூற்றையும் கூடவே கொண்டு செல்லுங்கள், ஏனெனில் தாமதக் கட்டணம் பாக்கி என்று ஒரு சிறு தொகையைக் காட்டிக் கடிதத்தை நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டு. அப்படிச் சொன்னால் கணக்கு விபரத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் சொல்லப்படும் பாக்கியில் பாதி எழுத்தில் வருவதில்லை. கம்பனியே இல்லாமற் போயிருந்தாலும் திகைக்க வேண்டாம். மத்திய வங்கியின் ஒருங்கிணைப்புத் திட்டத்தின் கீழ் நிதிக் கம்பனிகள் பல ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுவிட்டன, சில பெயர் மாறிவிட்டன. பழைய கம்பனியைப் பொறுப்பேற்ற கம்பனி எதுவோ அதுவே உங்களுக்குக் கடிதம் தரக் கடமைப்பட்டது. இணைப்பு நடந்ததைக் காட்டும் ஆவணத்தின் பிரதியையும் அதே வேளையில் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் திணைக்களக் கருமபீடத்தில் “சி.ஆரில் உள்ள பெயர் வேறு, கடிதத்தில் உள்ள பெயர் வேறு” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கம்பனி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுத்தில் முறையிடலாம். 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.

இரண்டு தவணை தவறினால் வண்டியை சீஸ் பண்ண மலைமுகட்டு லயத்துக்கே ஆள் அனுப்பத் தெரிந்த கம்பனிக்கு, பணம் முழுவதும் வந்து சேர்ந்த பிறகு தன் பெயரைத் தானே நீக்கித் தரத் தெரியவில்லை. கம்பனியிலிருந்து திணைக்களத்துக்குக் கணினி வழியாக ஒரு அறிவித்தல் போனால் முடிந்துவிடும் காரியம் இது. அதற்குப் பதிலாக, ஒரு ஆசிரியர் லீவு போட்டு, அதிகாலை பஸ் பிடித்து, வரிசையில் நின்று, ஒரு பிரதி குறைகிறது என்று திரும்பி வந்து, மறுபடியும் போக வேண்டியிருக்கிறது. இந்தச் சலிப்பில்தான் தரகருக்கு வியாபாரம் நடக்கிறது.

தரகர் கேட்கும் கையெழுத்து எதற்கு என்பதை இப்போது பாருங்கள். ஓபன் பேப்பர் என்று சாதாரணமாகச் சொல்கிறார்களே, அது வாங்குபவரின் பெயர், திகதி எதுவும் எழுதாமல் நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் உரிமை மாற்றப் படிவங்கள்தான். அவற்றை வைத்துக்கொண்டு தரகர் ஒருவருக்கு விற்பார், அவர் இன்னொருவருக்கு விற்பார், ஒருவரும் தம் பெயருக்கு மாற்றமாட்டார்கள்; மாற்றினால் கட்டணம், அலைச்சல், வாங்கி விற்றதற்கான தடயம். பசறையில் ஒருவர் அந்த வண்டியால் யாரையாவது மோதிவிட்டுப் போனாலும், சங்கிலி பறிக்க அதைப் பயன்படுத்தினாலும், பொலிஸ் முதலில் கதவைத் தட்டுவது பதிவு செய்யப்பட்ட உரிமையாளரின் வீட்டைத்தான். “விற்றுவிட்டேன் சேர்” என்று நீங்கள் சொல்லலாம். யாருக்கு, எப்போது என்ற கேள்விக்குத் தரகரின் கைத்தொலைபேசி இலக்கத்தைத் தவிர உங்களிடம் வேறு பதில் இருக்காது. அந்த இலக்கமும் அன்று வேலை செய்யாது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. வண்டி கைமாறினால் 14 நாட்களுக்குள் விற்றவர் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், வாங்கியவர் தம் பெயரில் பதிவதற்கு விண்ணப்பிக்க வேண்டும். விற்றவர் அறிவிக்கும் படிவம் எம்.டி.ஏ. 8, வாங்குபவரின் விண்ணப்பப் படிவம் எம்.டி.ஏ. 6. என்றாவது ஒருநாள் நீங்கள் விற்பதாக இருந்தால், எம்.டி.ஏ. 8ஐ வாங்குபவரிடமோ தரகரிடமோ ஒப்படைக்காமல், முழுவதும் நிரப்பி நீங்களே பதிவுத்தபாலில் அனுப்பி, தபாலகம் தரும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதியில் அவர் கையெழுத்தோடு திகதியை மட்டுமல்ல, வண்டியை ஒப்படைத்த நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் விற்ற வண்டி அன்று மாலையே விபத்தில் சிக்கினால் அந்த நேரம்தான் உங்களைக் காப்பாற்றும். காப்புறுதிக் கம்பனிக்கும் அன்றே அறிவியுங்கள்.

இனி இஞ்சின். 2014ஆம் ஆண்டு வண்டி புகை தள்ளுவது அதிசயமன்று. ஆனால் எந்த நேரத்தில், எந்த நிறத்தில் தள்ளுகிறது என்று பார்க்காமல் போர் அடிக்கச் சொல்வது அவசரம். மலைநாட்டில் காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவியே; இஞ்சின் சூடேறியதும் போய்விடும். அதைக் காட்டி “இஞ்சின் போய்விட்டது” என்று விலை குறைக்கும் தரகர்கள் விடியற்காலையில்தான் வண்டி பார்க்க வருவார்கள். ஒயில் எரிகிற புகை நீலமாக இருக்கும். அதிலும் இரண்டு வகை உண்டு. பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட் பக்கம் இறங்கும்போது எக்ஸலேட்டரை மூடி, கியரில் விட்டபடி ஒரு நீண்ட இறக்கத்தை இறங்கி, கீழே வந்ததும் சட்டென்று முறுக்கிப் பாருங்கள். பின்னால் ஒருவரை வரச் சொன்னால் இன்னும் நல்லது. அந்த ஒரு கணம் மட்டும் நீலப் புகை கொத்தாக வந்து மறைந்தால், வால்வ் சீல் தேய்ந்து, இறக்கத்தில் இஞ்சின் இழுக்கும் உறிஞ்சலில் ஒயில் உள்ளே இறங்குகிறது என்று பொருள். அது சிறிய வேலை. ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது இடைவிடாமல் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்திருக்கின்றன. அதை உறுதிப்படுத்த கொம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள்: ஒருமுறை அப்படியே, மறுமுறை பிளக் துளை வழியாகச் சில துளி ஒயில் விட்டு. இரண்டாம் முறை அழுத்தம் நன்றாக ஏறினால் கோளாறு ரிங், போர் பக்கம். ஏறாவிட்டால் வால்வ் பக்கம். இந்தச் சோதனையைச் செய்யாமலே 50,000 என்று சொன்ன கராஜும், அங்கிருந்து வந்த தரகரும் ஒருவரையொருவர் தற்செயலாகச் சந்தித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஹட்டனிலோ டிக்கோயாவிலோ இவர்களுக்குத் தொடர்பில்லாத வேறொரு மெக்கானிக் பாஸிடம் காட்டுங்கள். போர் அடிக்கத்தான் வேண்டும் என்றால், கழற்றிய பழைய பிஸ்டனையும் ரிங்கையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். “செட் இஞ்சின் ஒன்று கிடக்கிறது, மாற்றித் தருகிறேன்” என்று சொன்னால் மட்டும் சம்மதிக்க வேண்டாம், ஏனெனில் இஞ்சின் இலக்கம் சி.ஆரோடு பொருந்தாமற் போய் இன்னொரு அலைச்சல் தொடங்கும்.

செலவை வண்டியின் விலையோடு ஒப்பிடுவதும் தவறான கணக்கு. அந்த வண்டி இல்லாவிட்டால் மாதத்துக்கு என்ன செலவாகும் என்பதோடு ஒப்பிடுங்கள். காலையில் பிரதான வீதிவரை தோட்டத்திலிருந்து நடந்து இறங்கி, பஸ் பிடித்து, மாலையில் மேலதிக வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட நாளில் முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு மாதம் எழுதிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய வண்டிகளின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், ரூபாவின் வீழ்ச்சியும் வரிகளும் சேர்ந்து புதிய வண்டியை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில்தான் வைத்திருக்கின்றன. ஆகவே விற்றால் நீங்கள் வாங்கப்போவது இன்னொருவர் கைவிட்ட பழைய வண்டியைத்தான். அது தெரிந்த நோயைக் கொடுத்துத் தெரியாத நோயை வாங்குவது போன்றது. 2022இல் எரிபொருளுக்கு கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் மட்டுமே கொடுத்தார்கள். அந்த 4 லீற்றரில் பாடசாலை போய் வந்தவர்கள் உங்களைப் போல் 100, 125 சி.சி. வைத்திருந்தவர்கள்தான்.

ஒரு நிலையில் மட்டும் என் பதில் மாறும். சீட்டைக் கழற்றி, செசியை, அதாவது வண்டியின் சட்டகத்தை, ஹேண்டில் பொருந்தும் முன் ஹெட்டிலிருந்து பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் வரை துடைத்துப் பாருங்கள். நம் பக்கத்து ஈரத்தில் துரு பிடிப்பது சகஜம். மேற்பரப்புத் துருவைச் சுரண்டி வர்ணம் பூசினால் போதும். ஆனால் ஹெட் பகுதியில் வெடிப்போ, பழைய வெல்டிங் தழும்போ இருந்தால் இஞ்சினுக்கு ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம், அந்த வண்டியில் இறக்கமும் இறங்க வேண்டாம்.

ஸ்கூட்டர் என்ற எண்ணத்தைச் சற்றுத் தள்ளிவையுங்கள். நகரத்துத் தார் வீதிக்கு அது வசதியானது. கல் பெயர்ந்த தோட்ட வீதியில் அதன் சிறிய சக்கரம் ஒவ்வொரு குழியையும் உங்கள் முதுகுக்கு அறிவிக்கும். கியர் இல்லாததால், நீண்ட இறக்கத்தில் இஞ்சினால் கட்டுப்படுத்தி இறங்கும் வசதி குறைந்து, பாரம் முழுவதும் பிரேக்கில் விழும். வீட்டில் வேறு யாரேனும் ஓட்டப்போகிறார்கள் என்றால் அப்போது யோசிக்கலாம்.

முற்பணத்தை இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். கையில் கொடுக்காமல் வங்கி மூலம் அனுப்புங்கள்; கையில்தான் வேண்டும் என்று தரகர் அடம்பிடித்தால், சாட்சியாக அண்ணனை வைத்துக்கொண்டு, வண்டி இலக்கத்தையும் திகதியையும் குறிப்பிட்டு, பணத்தைப் பெற்றுக்கொண்டதாகவும் விற்பனை நடைபெறவில்லை என்பதாகவும் எழுதி வாங்குங்கள். சி.ஆரின் பிரதியோ அடையாள அட்டைப் பிரதியோ அவரிடம் இருந்தால் அதையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். ஏதேனும் படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், அது உங்கள் கைக்குத் திரும்பி வரும்வரை பணத்தைக் கொடுக்க வேண்டாம்.