பழைய உழவு இயந்திரத்தில் சூடேறியதும் ஒயில் அழுத்தம் விழுகிறது. எஞ்சினை இறக்க வேண்டுமா?

நீங்கள் எழுதியது இது: வவுனியாவில் அப்பா வைத்திருக்கும் மெசி பெர்குசன் 135. காலையில் இயக்கியதும் ஒயில் மானியின் முள் நன்றாக ஏறி நிற்கிறது. ஒரு மணி நேரம் உழுதபின் ஐடில் வேகத்தில் (சுமையில்லாமல் மெதுவாக ஓடும்போது) பூச்சியத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிடுகிறது. கராஜில் "பெயாரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்கிறார்கள். பெரும்போகத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

தம்பி, இப்போதைக்கு இறக்க வேண்டாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில், எஞ்சினுக்குள் பெயாரிங்குகளில் சுழலும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாப்ட்டைக் கிரைண்ட் செய்து (சாணை பிடித்து) கொடுக்கும் பட்டறையில் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எஞ்சின் இறங்கினால் எங்களுக்குத்தான் வேலை வரும். ஆனாலும் தேவையில்லாமல் கழற்றிக் கொண்டுவரப்பட்ட ஷாப்ட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கிளிநொச்சியிலிருந்து ஒரு பெரியவர் இரவு பஸ்ஸில் வந்து, விடியற்காலையில் புறக்கோட்டையில் இறங்கி, சாக்கில் சுற்றிய ஷாப்ட்டை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் கதவு திறக்குமுன் வாசலில் உட்கார்ந்திருந்தார். மைக்ரோமீட்டரை வைத்து பெயாரிங்கில் உட்கார்ந்து சுழலும் பகுதிகளான ஜர்னல்களை ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் அளவுக்குள் இருந்தன. நகத்தால் சுரண்டினாலும் எங்கும் தட்டவில்லை. "ஐயா, இதில் குறை ஒன்றும் இல்லை" என்றபோது அவர் முகத்தில் மகிழ்ச்சி வரவில்லை. எஞ்சினைப் பிரித்ததற்குக் கூலி கொடுத்துவிட்டார், விதைப்பும் தொடங்கிவிட்டது. பிறகு ஒயில் பம்ப்பைக் கொண்டுவரச் சொல்லிப் பிரித்தோம். அழுத்தம் மிஞ்சும்போது மட்டும் திறக்கவேண்டிய ரிலீஃப் வால்வு, நெல் உமியளவு கேஸ்கட் துண்டு ஒன்று சிக்கியதால் முழுதாக மூடாமல் நின்றிருந்தது. அந்தப் போகம் அவர் வாடகை இயந்திரத்தில்தான் உழுதார்.

பம்ப்பின் வேலை ஒயிலைத் தள்ளுவது மட்டுமே. தள்ளிய ஒயில் பெயாரிங் இடுக்குகளில் நுழையப் படுகிற பாடுதான் மானியில் அழுத்தமாகத் தெரிகிறது. ஒயில் நீர்த்துப் போனாலும், இடுக்கு அகன்றாலும், வழியில் எங்காவது ஒழுகினாலும் முள் ஒரே மாதிரித்தான் விழும். அதனால் முள்ளை மட்டும் பார்த்துப் பெயாரிங்கைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்த முள்ளே பொய் சொல்லலாம். ஐம்பது ஆண்டு பழைய மானி அது. ஒயில் வரும் மெல்லிய குழாய் நசுங்கியோ அடைத்தோ இருக்கலாம். நம்பகமான வேறொரு மானியை எஞ்சின் உடலிலேயே நேராகப் பூட்டி, நன்றாகச் சூடேறிய பிறகு அளந்து பாருங்கள். உங்களுடையதில் இருக்கும் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு, வேலைச் சூட்டில், உச்ச வேகத்தில் 30 முதல் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்த அளவு) வரை இருக்க வேண்டும். உச்ச வேகத்தில் 30ஐத் தாண்டினால், ஐடிலில் 10 அளவில் நின்றாலும் நான் பயப்படமாட்டேன். உச்ச வேகத்திலும் 30ஐத் தொடவில்லை என்றால் காரணம் தெரியும்வரை வயலில் இறக்காதீர்கள்.

அடுத்ததாக, ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக். என் அனுபவத்தில் ஆட்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். இவ்வளவு பழைய எஞ்சின் கொஞ்சம் ஒயில் குடிக்கத்தான் செய்யும். ஊற்றாமலே மட்டம் அப்படியே நின்றாலோ ஏறினாலோ "நல்ல எஞ்சின், ஒயிலே குடிப்பதில்லை" என்று மகிழ வேண்டாம். உள்ளே டீசல் இறங்குகிறதா என்று பாருங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுச் சிறிது நேரம் வையுங்கள். டீசல் கலந்திருந்தால் கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெளிறிய எண்ணெய் வளையம் ஒன்று அகலமாகப் படரும். புது ஒயிலில் ஒரு சொட்டைப் பக்கத்தில் விட்டு ஒப்பிட்டால் ஐயம் இருக்காது. பால்போல் வெளுத்திருந்தால் அது தண்ணீர். இயந்திரத்தை உடனே நிறுத்திவிடுங்கள்.

டீசல் இரண்டு வழியாக இறங்கும். எஞ்சின் பக்கத்தில் இருந்து, தாங்கியிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் லிஃப்ட் பம்ப்பின் டயஃப்ரம் (உள்ளிருக்கும் சவ்வு) கிழிந்திருக்கலாம். அதைக் கழற்றி, வெளிவழியை விரலால் அடைத்துக் கொண்டு கைநெம்புகோலால் அடித்துப் பாருங்கள். அடியில் டீசல் சொட்டினால் கள்வன் அகப்பட்டுவிட்டான், செலவும் பெரிதில்லை. அது காய்ந்திருந்தால், சிலிண்டர்களுக்கு டீசலை அனுப்பும் இன்ஜெக்டர் பம்ப்பின் ஷாப்ட் சீல்தான் ஒழுகுகிறது. அதை டீசல் பம்ப் வேலை தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஒழுக்கை நிறுத்தி, ஒயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

மாற்றும்போது பழைய ஃபில்ட்டரை எறிய வேண்டாம். வெட்டி, தாளை விரித்து வெயிலில் பிடியுங்கள். மினுமினுக்கும் துகள் இருந்தால் காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மினுங்கினால் பெயாரிங்கின் உலோகமாக இருக்கக்கூடும். அப்போது கராஜ்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

அப்படியே ஆனாலும் முதலில் எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தொட்டியான சம்ப்பை மட்டும் கழற்றுங்கள். உறிஞ்சு வலையில் சேறோ கேஸ்கட் பசையோ அடைத்திருக்கிறதா, உறிஞ்சுகுழாய் தளர்ந்து காற்றிழுக்கிறதா (முள் நடுங்குவது இதன் அடையாளம்), ரிலீஃப் வால்வு தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு பிக் எண்ட் (பிஸ்டன் தண்டு கிராங்க் ஷாப்ட்டைப் பிடிக்கும் முனை) மூடியைக் கீழிருந்தே திறக்கலாம். அதற்குள் இருக்கும் பெயாரிங் தகடான ஷெல்லில் ஆழமான கோடுகளோ, பூச்சு தேய்ந்து அடியிலிருக்கும் உலோகமோ தெரிந்தால்தான் ஷாப்ட் கொழும்புக்கு வர வேண்டும். வரும்போது பழைய ஷெல்களையும் கட்டாயம் கொண்டுவாருங்கள். அவற்றின் முதுகில் பத்து, இருபது, முப்பது என்று (அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று) குத்தியிருக்கும் எண்ணைப் பார்த்தால், முன்பு எவ்வளவு கிரைண்ட் செய்திருக்கிறார்கள், இன்னும் ஒருமுறைக்கு இடமிருக்கிறதா என்பது தெரியும்.

ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்கின் பின்னால் வாஷர் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வைக்க விடாதீர்கள். சூட்டில் ஐடில் வேகத்தில் அந்த வால்வு ஏற்கெனவே மூடித்தான் இருக்கும். வாஷரால் அங்கே ஒரு பிஎஸ்ஐகூட ஏறாது. காலைக் குளிரில் மட்டும் அழுத்தம் அளவுக்கு மிஞ்சும். தடித்த ஒயில் ஊற்றினால் முள் ஏறும், உண்மைதான். ஆனால் தேய்மானம் மறைந்து நிற்கும், காலையில் ஒயில் மேலேறத் தாமதமாகும்.

சூட்டில் ஐடிலில் எவ்வளவு, உச்ச வேகத்தில் எவ்வளவு, டிப்ஸ்டிக் மட்டம் ஏறுகிறதா என்ற மூன்றையும் அளந்து இங்கேயே எழுதுங்கள். அப்பாவின் வயல் வேலைக்கு முன் முடிக்கக்கூடிய வழி எது என்று பார்த்துச் சொல்கிறேன்.