அழைப்பு அவருக்கு மட்டுமா?

கேள்வி: அக்கா, குடும்பத்தோடு கம்போடியாவுக்கு ஊழியம் செய்யப் போகக் கர்த்தர் அழைக்கிறார் என்கிறார் என் கணவர். மகள் இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பரீட்சை எழுதுகிறாள், வயதான மாமியும் எங்களோடுதான். நான் தயங்குவது அவிசுவாசமா?
- ஒரு சகோதரி, கிளிநொச்சி

பதில்: இல்லையம்மா. 2009 இல் ஒரு உரப்பையோடு வன்னியை விட்டு நடந்தவர்கள் நாங்கள், மறுபடி வீட்டைப் பூட்டுவதென்றால் வயிறு கலங்கத்தான் செய்யும். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த மிஷனரி ஜோன் ஸ்கடர் 1819 இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறியபோது மனைவி ஹரியட்டும் சம்மதித்தே வந்தார், அப்படியிருந்தும் அவர்களுடைய சின்ன மகள் வழியில் கல்கத்தாவில் இறந்துபோனாள். அந்த மாதிரி நாளைத் தாங்க இரண்டு பேருக்கும் அழைப்பு இருக்க வேண்டும்.

சரி, கணவரோடு சேர்ந்து ஜெபியுங்கள், ஆனால் அனுப்புகிற சபையிடம் விசா, மாதச் செலவு, வருத்தம் வந்தால் யார் பொறுப்பு, மகள் எந்த மொழியில் படிப்பாள், திரும்பி வந்தால் எந்த வகுப்பில் சேர்வாள் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். மாமியை யார் பார்ப்பது என்று முடிவாகாமல் டிக்கெட் போடவே வேண்டாம், தன் வீட்டாரைப் பராமரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்கிற 1 தீமோத்தேயு 5:8 ஐ உங்கள் கணவரும் வாசித்திருப்பார். பரீட்சை முடிந்ததும் மகளிடமும் கேளுங்கள், அவளும் போகப்போகிறவள்தானே.