கேளுங்கோ, கதைப்பம்: வீட்டுக்காரர் எங்கே நிற்கிறார்?

எனக்கு 19 வயது. ட்ரிக்கி என்ற பிரித்தானியக் கலைஞரின் 'புளோபேக்' அல்பத்தை ஒரு மாதமாக விடாமல் கேட்கிறேன். அண்ணா சொல்கிறார், அது மற்றவர்களுக்காக வளைந்து கொடுத்துச் செய்த அல்பமாம், அதற்கு முன் வந்த 'ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்'தான் உண்மையான ட்ரிக்கியாம். அதையும் போட்டுப் பார்த்தேன், மூன்றாவது பாட்டோடு நிறுத்திவிட்டேன். என் காதில்தான் பிழையா?
*கொக்குவில் பெடியன்*

உங்கள் காதில் ஒரு பிழையும் இல்லைத் தம்பி. ஒரு பாட்டுப் பிடித்ததற்காக எவரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. ஆனால் அண்ணா சொன்னதையும் முழுதாகத் தள்ளிவிடாதேயுங்கோ, அவர் சரியான ஒன்றைப் பிழையான காரணத்தோடு சொல்லியிருக்கிறார்.

எனக்கும் முதலில் வந்தது 'புளோபேக்'தான். 2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்த கையோடு லண்டனில் இருந்து ஆட்கள் ஊர் பார்க்க வரத் தொடங்கினார்கள். அப்படி வந்த மச்சான் ஒருவர் திரும்பிப் போகும்போது தன் பையில் இருந்த நாலைந்து சிடிக்களை எங்கள் வீட்டு மேசையில் விட்டுவிட்டுப் போனார், அதில் ஒன்று அது. முதல் முறை கேட்டபோது என்னைப் பிடித்து நிறுத்தியது பாட்டின் சொற்கள் இல்லை, அதன் வேகம். எங்கள் வயதுக்காரருக்கு இது உடனே விளங்கும். 1990இல் போரால் கரண்ட் நின்ற பிறகு, பற்றறியும் கொண்டுவர விடாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில்தான் பாட்டுக் கேட்டோம். சுற்றுகிற கை களைத்தால் கசெற் இழுபடும், பாடகியின் குரல் தடித்து ஆண் குரலாகும், தபேலா தண்ணீருக்குள் விழுந்த மாதிரிக் கேட்கும், யாராவது "சுத்தடா" என்று கத்தினால் பாட்டு நிமிர்ந்துவிடும். ட்ரிக்கியைக் கேட்டபோது அந்தக் களைத்த கைதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவருடைய முதல் அல்பம் 'மக்ஸின்குவே' 1995 பெப்ரவரியில் வந்தது என்று பிறகு வாசித்தேன். அந்த ஆண்டு ஒக்டோபர் 30இல் நாங்கள் ஊரோடு எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லைத்தான், ஆனாலும் அந்த ஆண்டைச் சொன்னால் எனக்கு இப்போது இரண்டும் சேர்ந்தே வரும்.

சரி, ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கடினமான அல்பம் ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்காது. உண்மைப் பெயர் ஏட்ரியன் தோஸ், 1968இல் பிரிஸ்டலில் நோல் வெஸ்ட் என்ற ஏழைப்பட்ட பகுதியில் பிறந்தவர். அவருக்கு நாலு வயதாக இருக்கும்போது தாய் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். தாயின் பெயர் மக்ஸின் குவே. முதல் அல்பத்தின் பெயரைத் திரும்ப ஒருக்கால் வாசித்துப் பாருங்கோ. அந்த அல்பம் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. கொண்டாடினார்கள், எல்லாக் கோப்பிக் கடையிலும் போட்டார்கள். அவருக்கு அதுதான் பிடிக்கவில்லை. தன் வயிற்றெரிச்சலைப் பிறர் சாப்பாட்டு நேரத்துப் பின்னணியாகப் போடுவதை எவர் விரும்புவார்? அடுத்தடுத்த அல்பங்களில் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார், 1998இல் வந்த 'ஏஞ்சல்ஸ்' அந்தக் கடைசிக் கதவு. அதில் தாளம் நேராக நடக்காது, கிற்றார் சுரண்டும், அவர் பாடுவதில்லை, காதுக்குப் பக்கத்தில் முணுமுணுப்பார், கோபத்தில் பெரும்பகுதி இசைத்தட்டுக் கம்பனிகள் மேல். பல்லவி எப்போது வரும் என்று காத்திருக்கிற காதுக்கு அது கிடைக்காது. பி.ஜே. ஹார்வி என்ற ஆங்கிலேயப் பாடகி வந்து பாடுகிற ஒரு பாட்டில் மட்டும் யன்னல் திறந்த மாதிரி இருக்கும், நீங்கள் அதுவரை போகவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு 2001இல் 'புளோபேக்'. இடையில் டிஜே மக்ஸ், கிரீஸ் என்ற இரண்டு பேரோடு சேர்ந்து 1999இல் ஒன்று செய்தார், அதை இப்போது விடுவோம். 'புளோபேக்' வந்த நேரம் அவர் கொடுத்த பேட்டிகளில், உடம்பில் இருந்த ஒரு பூஞ்சைத் தொற்றுத்தான் தன்னைப் பல ஆண்டுகளாக எரிச்சலும் இருட்டுமாக வைத்திருந்தது, சாப்பாட்டை மாற்றிய பிறகு தெளிந்துவிட்டேன் என்று சொன்னார். அதை நான் நம்புகிறேன், ஏனென்றால் அல்பத்தில் அது கேட்கிறது. குரல் முன்னுக்கு வந்திருக்கிறது, பாட்டுக்களுக்குத் தலையும் காலும் இருக்கிறது, பல்லவி வரவேண்டிய இடத்தில் வருகிறது. விருந்தாளிகளும் நிறையப் பேர்: ரெட் ஹொட் சில்லி பெப்பர்ஸ் என்ற அமெரிக்க ரொக் குழுவின் ஆட்கள், பாடகிகள் அலனிஸ் மொரிசெட், சின்டி லோப்பர், 'லைவ்' என்ற குழுவின் பாடகர் எட் கவால்சிக், இவர்களோடு ஹோக்மன் என்ற ஜமேக்காக் குரல்.

நல்லூர்த் திருவிழாவில் இரவு நாதஸ்வரம் கேட்டிருப்பீர்கள்தானே? வித்துவான் ஒரு ராகத்தை எடுத்து ஒரு மணித்தியாலம் விரித்துக்கொண்டு போவார், பின்னால் நிற்கிற பெடியள் கச்சானைக் கொறித்துக்கொண்டு காத்திருப்பார்கள், கடைசியில் ஒரு துக்கடா, ஒரு சினிமாப் பாட்டு வரும், எல்லாரும் நெருங்கி வருவார்கள். அந்தச் சினிமாப் பாட்டை வாசிக்கிறவர் வேறு ஆள் இல்லை. மூச்சு அதே மூச்சுத்தான், ராகத்தில் உழைத்த உழைப்பு அந்தச் சின்னப் பாட்டின் ஒவ்வொரு வளைவிலும் இருக்கும். அதை எவரும் வளைந்து கொடுத்தது என்று சொல்வதில்லை. ஆகவே லேசாகக் கேட்கிறது என்பதை வைத்து 'புளோபேக்'கைக் குறைத்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. கடினமாக இருப்பதால் ஒரு அல்பம் ஆழமாகிவிடாது. ஆனால் அண்ணாவுக்கு ஏதோ உறுத்துகிறது, அது என்னவென்றால், துக்கடாவிலும் வித்துவான்தான் முன்னுக்கு நிற்பார், 'புளோபேக்'கில் சில பாட்டுக்களில் அப்படி இல்லை. விருந்தாளிகள் விறாந்தையை நிறைத்துவிட்டார்கள், வீட்டுக்காரர் குசினிக்குள் நிற்கிறார். சில்லி பெப்பர்ஸ் பாடகர் வருகிற பாட்டை அப்படித்தான் சொல்வேன், அது அவர்கள் பாட்டு, ட்ரிக்கி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுக்கிறார். எட் கவால்சிக் பாடுகிற பாட்டு அல்பத்திலேயே வெளிச்சமானது, எனக்குப் பிடிக்கும், ஆனால் இருட்டில் கேட்கத் தோன்றாது. மாறாக அலனிஸ் பின்னால் குரல் கொடுக்கிற பாட்டைப் போடுங்கோ: எவ்வளவு பெரிய பாடகி, ஆனால் அவர் நிழல் மாதிரி நிற்கிறார், நடுவில் ட்ரிக்கியின் கரகரப்பு. ஹோக்மன் பாடுகிற, நிர்வானா என்ற அமெரிக்க ரொக் குழுவின் பாட்டும் அப்படித்தான், பிறருடைய பாட்டை எடுத்துத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்து விளக்கை அணைத்துவிட்டார். இந்த இரண்டும் எந்தக் கடினமான அல்பத்துக்கும் குறைந்தவை இல்லை.

எனக்கு அதில் ஒரேயொரு உண்மையான குறை, மார்ட்டினா டொப்லி-பேர்ட் இல்லை. 'மக்ஸின்குவே' முதல் 'ஏஞ்சல்ஸ்' வரை ட்ரிக்கியின் பக்கத்தில் பாடிய பெண் அவர்தான். மார்ட்டினா பள்ளிக்கூட வயதில், ட்ரிக்கி வீட்டுக்குப் பக்கத்து மதிலில் இருந்தபோது சந்தித்ததாகச் சொல்வார்கள். அவள் தெளிவாகப் பாட, அவர் அதே வரிகளை அரை அடி பிந்தி முணுமுணுக்க, ஒரு மனிதனுக்குள் இரண்டு குரல் கதைப்பது மாதிரி இருக்கும். எத்தனை பெரிய பெயர்களைக் கூப்பிட்டாலும் 'புளோபேக்'கில் அந்த இடம் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

நான் சொல்லக்கூடிய வழி இது. 'புளோபேக்'கை விடாதேயுங்கோ. அதிலே ட்ரிக்கியும் ஹோக்மனும் மட்டும் மோதுகிற இறுக்கமான பாட்டுக்களுக்குக் கொஞ்ச நாள் காதைப் பழக்குங்கோ, அடுத்தது 'மக்ஸின்குவே', அது முழுக்க. பிறகு 'ஏஞ்சல்ஸ்', ஒரு இரவுக்கு ஒரு பாட்டு, அதற்கு மேல் வேண்டாம். அண்ணாவையும் ஒரு நாள் பக்கத்தில் இருத்தி அலனிஸ் பாட்டைப் போட்டுக் காட்டுங்கோ.

ட்ரிப்-ஹொப் என்றால் என்ன? ஹிப்-ஹொப்பும் அதுவும் ஒன்றா?
*வாசகி, உரும்பிராய்*

ஹிப்-ஹொப்பின் தாளத்தை எடுத்து, வேகத்தைக் குறைத்து, ஜமேக்கா டப் இசையின் கனத்த பேஸ் ஒலியையும் எதிரொலியையும் சேர்த்து, மேலே ஒரு தனிமையான குரலை விட்டால் கிட்டத்தட்ட அதுதான். பெயரை வைத்தது 'மிக்ஸ்மக்' என்ற ஆங்கில இசைச் சஞ்சிகை, 1994இல். பிரிஸ்டல்காரருக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. ஊர் பிரிஸ்டலாக இருந்ததற்கும் காரணம் உண்டு: கரீபியன் தீவுகளில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்கள், அவர்கள் தெருவில் அடுக்கி வைத்துப் பாட்டுப் போட்ட பெரிய ஸ்பீக்கர்கள், அவற்றைச் சுற்றி வளர்ந்த வெள்ளை, கறுப்புப் பிள்ளைகள். வைல்ட் பஞ்ச் என்ற கூட்டம் அப்படி வந்தது, அதிலிருந்து மசிவ் அட்டாக் என்ற குழு, அவர்களின் 1991ஆம் ஆண்டு முதல் அல்பத்தில் குரல் கொடுத்த பெடியன்தான் ட்ரிக்கி.

நீங்கள் இங்கே குறிப்பிடுகிற பாட்டுக்களை ஃபோனில் போட்டுக் கேட்டேன். ஒன்றுமே இல்லை, சும்மா இருமல் சத்தம் மாதிரி.
*சாவகச்சேரி*

ஃபோன் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டில் பாதி இல்லை. இந்த இசையின் எலும்பே அடியில் போகிற பேஸ் ஒலிதான், விரல் நகம் அளவு ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது, மேலே மிதக்கிற முணுமுணுப்பு மட்டும் மிஞ்சும். காதை மூடுகிற ஹெட்ஃபோன் இரவல் வாங்கியாவது ஒருமுறை கேளுங்கோ.

இந்த ட்ரிப்-ஹொப்காரர் பிறர் இசையை வெட்டி ஒட்டுவது களவு இல்லையா? எனக்கும் ஃபோனில் இப்படி ஒன்று செய்ய ஆசை, எதில் தொடங்கலாம்?
*வாசகி, பருத்தித்துறை*

கேட்காமல் எடுத்தால் களவுதான், அனுமதி எடுத்து, பெயர் போட்டு, பங்கும் கொடுத்தால் இல்லை. ஐசக் ஹேய்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் 1971இல் பதிவு செய்த ஒரே துண்டைத்தான் ட்ரிக்கியும், போர்ட்டிஸ்ஹெட் என்ற இன்னொரு பிரிஸ்டல் குழுவும் தனித்தனியாக எடுத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கோ, ஒரே கிணற்றுத் தண்ணியில் இரண்டு வீட்டுச் சமையல்.

தொடங்குவதற்கு வேகத்தை நிமிடத்துக்கு 80, 85 அடியில் வையுங்கோ. வேறு ஆளின் பாட்டைத் தேடாமல் உங்கள் பக்கத்துச் சத்தத்தையே பிடியுங்கோ: காற்றுக்கு உரசுகிற காவோலை, துறையில் விடியமுன் கிளம்புகிற வள்ளத்து எஞ்சின், சைக்கிள் செயின். கோயிலில் தவில் பதிவு செய்வதென்றால், வாசிக்கிற அண்ணையிடம் முதலே கேட்டு, எதற்கு என்றும் சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கோ. முடிந்ததும் எனக்கும் அனுப்புங்கோ, ஹெட்ஃபோன் போட்டுத்தான் கேட்பேன்.